அதே விஷ கேஸ், அதே நுரையீரல்: ஜப்பான் கேபினட் ஆபீஸுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பான் கேபினட் ஆபீஸ்ல, சீனாவுல விட்டுட்டு வந்த கெமிக்கல் ஆயுதங்களைக் கவனிக்கிற பிரிவு அதிகாரிகளுக்கும், அந்தப் பிரிவுக்கு வருஷா வருஷம் பட்ஜெட் பாஸ் பண்ற எம்பிக்களுக்கும்,

வணக்கம்ங்க. நான் ஜப்பான்காரனும் இல்ல, சீனாக்காரனும் இல்ல. தமிழ்நாட்டுல ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில சேஃப்டி செக்‌ஷன்ல வேலை பாக்கறவன். லேபிள் இல்லாத ட்ரம் ஒண்ணு யார்டு ஓரமா கெடந்தா யாரும் கிட்ட போகக்கூடாது, சுத்தி டேப் கட்டணும், காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாத்து ஆளுங்களை அந்தப் பக்கமா நகத்தணும், இதைத்தான் தினமும் புதுசா வர்ற பசங்களுக்கு கத்திக் கத்தி சொல்லிக்கிட்டு இருக்கேன். அதனால இந்த லெட்டர் நான்ஜிங் படுகொலையைப் பத்தியோ, போர்ல செத்த சிப்பாய்ங்களுக்கான யாசுகுனி கோயிலைப் பத்தியோ இல்ல. அதை எழுத ஆளுங்க நெறைய இருக்காங்க, உங்ககிட்டயும் அதுக்கெல்லாம் ரெடியா ஒரு பதில் இருக்கும். நான் கேக்கறது 1945ல போர்ல தோத்துக் கெளம்பறப்போ உங்க ராணுவம் விட்டுட்டு வந்து, இன்னும் சீன மண்ணுக்குள்ள கெடக்கற ட்ரம்மையும் குண்டையும் பத்தி, அது ஒடைஞ்சு உடம்பு கெட்டுப்போனவங்க ஆஸ்பத்திரிச் செலவைப் பத்தி.

2003 ஆகஸ்ட் 4ம் தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இல்லைன்னாலும் உங்க ஃபைல்ல இருக்கும். ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துல சிச்சிகார்ங்கற ஊர்ல ஒரு குடியிருப்புக்கு அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் கட்ட மண்ணு தோண்டிக்கிட்டு இருந்தாங்க. அஞ்சு இரும்பு ட்ரம் வெளிய வந்துச்சு. அதுல ஒண்ணு ஒடைஞ்சு எண்ணெய் மாதிரி ஏதோ மண்ணுல ஊறிப்போச்சு. என்னன்னு யாருக்குத் தெரியும்? பழைய இரும்புன்னா காசு தானே, ட்ரம் அப்படியே நம்மூர் காயலான் கடை மாதிரி ஒரு எடத்துக்குப் போச்சு, அங்க அதை வெட்டியும் பாத்துட்டாங்க. தோண்டுன மண்ணு லாரி லாரியா கெளம்பிப் போச்சு, பள்ளம் ரொப்ப வீட்டு முத்தத்துக்கு ஒரு லோடு, ஸ்கூல் கிரவுண்டுக்கு சில லோடு. கொட்டி வெச்ச மண்ணு மேல பசங்க ஏறி விளையாடுச்சுங்க, மண்ணுக் குவியலைப் பாத்தா எந்த ஊர்ப் பசங்களும் சும்மா இருக்காதுங்க.

அந்த திரவத்தோட கெட்ட குணமே அது உடனே எரியாது. கையில பட்டா ஒண்ணும் தெரியாது, சோப்பு போட்டுக் கழுவிட்டு சாப்பிட உக்காந்துடலாம். சில மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணு செவந்து வீங்கும், தோல் கொப்பளிக்கும், ராத்திரிக்குள்ள அந்தக் கொப்புளம் பெருசு பெருசா தண்ணி கட்டிக்கும், மூச்சுக்குழாய் உள்ளயும் அதே தான் நடக்கும். மஸ்டர்ட் கேஸ்னு பேர்ல தான் கேஸ் இருக்கு, சாதாரண வெயில்ல அது திரவம். முறிமருந்து கெடையாது. மொத்தம் 44 பேர் பாதிக்கப்பட்டாங்க, அந்த மாசமே ஒருத்தர் செத்துப்போனார். பொழச்சவங்க பொழச்சாங்களான்னா, தீராத இருமல், சும்மா சும்மா சளிக்காய்ச்சல், மாடி ஏற முடியாத களைப்பு, கண்ணுல தண்ணி, வேலைக்குப் போக முடியல, தொத்துவியாதின்னு நெனச்சு அக்கம்பக்கத்துல ஒதுக்குனதும் நடந்திருக்கு. இவங்க யாரும் போர்ல சண்டை போட்டவங்க இல்ல. அதுல பொண்ணுங்களும் பசங்களும் எல்லாம் போர் முடிஞ்சு பல வருஷம் கழிச்சுப் பொறந்ததுங்க.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்து அந்த ட்ரம் தானா வந்து விழலைங்க. போர்க்காலத்துல வடகிழக்குச் சீனாவுல இருந்த உங்க குவான்துங் ராணுவத்தோட 516ம் யூனிட், கெமிக்கல் ஆயுதத்துக்குன்னே இருந்த யூனிட், சிச்சிகார்ல தான் உக்காந்திருந்துச்சு. ஆளுங்களை வெச்சு கிருமி சோதனை பண்ணுன 731ம் யூனிட் பேரு இப்போ உலகத்துக்கே தெரியும், 516 பேரு யாருக்கும் தெரியல. ட்ரம்முக்குள்ள இருந்த சரக்கு எங்க செஞ்சதுன்னா, ஹிரோஷிமா மாகாணத்துல ஒகுனோஷிமாங்கற குட்டித் தீவு. 1929ல இருந்து 1945 வரைக்கும் அங்க ஃபேக்டரி ஓடுச்சு, தீவையே மேப்புல இருந்து அழிச்சு வெச்சிருந்தீங்க. ஆறாயிரம் டன்னுக்கு மேல விஷ வாயு தயாராச்சுங்கறது உங்க நாட்டு ஆய்வாளர்களே சொல்ற கணக்கு. இன்னிக்கு அது முயல் தீவு. ஊர் உலகத்துல இருந்து ஆளுங்க வந்து முயலுக்கு முட்டைக்கோஸ் குடுத்து ரீல்ஸ் எடுத்துட்டுப் போறாங்க. 1988ல அங்க ஒரு சின்ன மியூசியம் திறந்து வெச்சதுக்கு ஒரு நன்றி சொல்லிக்கிறேன், உண்மையாவே, ஏன்னா தாங்க செஞ்ச கேஸைப் பத்தி மியூசியம் வெச்ச ஊருங்க உலகத்துல ரொம்ப கம்மி.

ஒரு கெமிக்கல் விஷயம் இங்க சொல்லியே ஆகணும். சுத்தமான மஸ்டர்ட் கிட்டத்தட்ட 14 டிகிரியிலயே உறைஞ்சு போயிடும். வடகிழக்குச் சீனாவுல குளிர் காலத்துல மைனஸ் முப்பது போற ஊர்ல அது வேலைக்கு ஆகாது. அதுக்காக லூயிசைட்டுங்கற ஆர்செனிக் கலந்த இன்னொரு விஷத்தை அதோட கலந்தாங்க, அப்போ உறையாது. அந்தக் கலவை தான் உங்க ராணுவத்தோட 'மஞ்சள்' சரக்கு, குண்டு மேல மஞ்சள் பட்டை போட்டது. குமட்டல், வாந்தி வர வெக்கறது 'சிவப்பு'. அதாவது அந்த ஊர் குளிரைக் கணக்குப் போட்டு, அந்த மண்ணுக்குன்னே யாரோ உக்காந்து யோசிச்சு செஞ்ச ஃபார்முலா அது. எங்க தொழில்ல ஃபார்முலேஷன்ங்கற வேலையை மரியாதையோட பாப்போம், இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

1938ல வூஹான் சண்டையில நூத்துக்கணக்கான தடவை விஷ வாயுவைப் போட்டாங்க. 1942 மே 27ம் தேதி ஹெபெய்ல பெய்தான்ங்கற கிராமத்துல, குண்டுக்கும் படைக்கும் பயந்து சுரங்கத்துக்குள்ள ஒளிஞ்ச ஜனங்க மேல உள்ளயே கேஸைப் போட்டாங்க, சீனத் தரப்புக் கணக்குப்படி 800 பேருக்கு மேல செத்தாங்க. போர்ல விஷ வாயு போடக்கூடாதுங்கற 1925ம் வருஷத்து ஜெனீவா புரோட்டோகால்ல உங்க நாடு கையெழுத்து போட்டது, ஆனா அதை முறைப்படி ஏத்துக்கிட்டது 1970ல. போர் முடிஞ்சு டோக்கியோவுல நடந்த போர்க்குற்ற விசாரணையில விஷ வாயு மேட்டரை அப்படியே ஓரங்கட்டுனாங்க, அதுக்கு அமெரிக்காவும் காரணம், அவங்களுக்கு அவங்க கணக்கு. கோர்ட்டுல வராததால பாடப் புத்தகத்துலயும் பெருசா வரல, ஜனங்க பேச்சுலயும் வரல. அணுகுண்டு ஞாபகம் இருக்கற ஒரு நாட்டுல இந்த கேஸ் ஞாபகம் மட்டும் தீவோட தீவா நின்னு போச்சு.

1945 ஆகஸ்ட்ல தோத்துட்டு கெளம்பறப்போ உங்க படைகள் என்ன பண்ணுச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பொதைச்சாங்க, ஆத்துல தள்ளுனாங்க, குளத்துல போட்டாங்க, பேப்பரை எரிச்சாங்க. எது எங்க இருக்குன்னு அந்த ஊர்க்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லல. 1950கள்ல ஜிலின் மாகாணத்துல துன்ஹுவா பக்கம் செதறிக் கெடந்ததை எல்லாம் ஊர்க்காரங்களே பொறுக்கிக் கொண்டு போய் ஹார்பாலிங்கற மலைப்பக்கம் ரெண்டு பெரிய குழி வெட்டிப் பொதைச்சாங்க. உங்க தரப்பு கணக்குப்படியே அந்த ரெண்டு குழிக்குள்ள மட்டும் மூணு நாலு லட்சம் குண்டு. 1974ல ஜியாமுசியில ஆத்துல தூர் வாரிக்கிட்டு இருந்த தொழிலாளிங்க மேல மஸ்டர்ட் பட்டுச்சு, குழாய்ல குண்டு சிக்கிக்கிச்சு. 2004 ஜூலையில துன்ஹுவாவுல லியான்ஹுவாபாவ் கிராமத்துல ரெண்டு சின்னப் பசங்க ஓடையில விளையாடறப்போ கையில ஒரு பழைய குண்டு கெடைச்சுது, கையிலயும் கால்லயும் வழிஞ்சுது.

இப்போ காசு விஷயத்துக்கு வரேன். சிச்சிகார் விபத்துக்கு 30 கோடி யென் குடுத்தீங்க. நல்லது. ஆனா அதை நஷ்டஈடுன்னு குடுக்கல, ஆயுதங்களை அப்புறப்படுத்தற வேலைச் செலவுங்கற கணக்குல எழுதிக் குடுத்தீங்க. நஷ்டஈடுன்னு எழுதுனா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான்ங்கற பயம், புரியுது, எங்க ஆபீஸ்லயும் லீகல் செக்‌ஷன் இப்படித்தான் யோசிக்கும். ஆனா ஒரே தடவை குடுத்த பணம், வாழ்நாள் முழுக்க வர்ற வியாதி. கூட்டிக் கழிச்சா எங்க போய் நிக்கும்? பாதிக்கப்பட்டவங்க டோக்கியோ கோர்ட்டுக்கு வந்தாங்க. 2010ல தோத்தாங்க, 2012ல ஹைகோர்ட்டுல தோத்தாங்க, 2014ல சுப்ரீம் கோர்ட்டும் கதவைச் சாத்திடுச்சு. அபாயம் இருக்கறது அரசுக்குத் தெரியாம இல்ல, ஆனா அத்தனை பெரிய நாட்டுல எந்த மூலையில என்ன இருக்குன்னு தேடித் தடுத்திருக்க முடியுமாங்கற மாதிரி போச்சு வாதம்.

இதுல ஒரு தீர்ப்பு மட்டும் வேற மாதிரி வந்துச்சு. 2003 செப்டம்பர் 29, அதாவது சிச்சிகார் நடந்து ரெண்டு மாசம் கூட ஆகல, அதுக்கு முன்னாடி விபத்துகள்ல பாதிக்கப்பட்ட 13 பேர் தரப்பு போட்ட வழக்குல டோக்கியோ மாவட்ட கோர்ட் அரசு சுமார் 19 கோடி யென் குடுக்கணும்னு சொல்லுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். 1972ல சீனாவோட உறவு சரியான பிறகாவது எங்க பொதைச்சீங்க, எப்படிக் கையாளணும்ங்கற தகவலைக் குடுத்திருக்கலாம், குடுக்கல. அவ்ளோதான். இதை 2007ல ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அரசு அப்பீல் போட்டுச்சு, ஜெயிச்சுது. எனக்கு சட்டம் தெரியாது, ஆனா சேஃப்டி தெரியும். எங்க லைன்ல இது பால பாடம்: சரக்கை விட்டுட்டு வந்தவன் தான் அது என்னன்னு சொல்லணும், தொட்டவன் கண்டுபிடிச்சுக்கட்டும்னு விட்டா அது வழக்குல போய் நிக்கும்.

1972ல சீன அரசே போர் நஷ்டஈடு வேண்டாம்னு சொல்லிடுச்சே, 2007 ஏப்ரல்ல நம்ம சுப்ரீம் கோர்ட்டும் தனிமனுஷங்க இதுக்காக வழக்கு போட முடியாதுன்னு சொல்லிடுச்சேன்னு நீங்க சொல்லலாம். சரி. ஆனா 1972ல கையெழுத்து ஆகறப்போ சிச்சிகார் ட்ரம் ஒடையவே இல்ல. அந்த லியான்ஹுவாபாவ் பசங்க பொறக்கவே இல்ல. பொறக்காத பையனோட கை வெந்து போனதுக்கு அவன் சார்பா பீஜிங் முன்கூட்டியே விட்டுக்குடுத்துச்சா? பக்கத்து வீட்டுத் தோட்டத்துல பாம்பை விட்டுட்டு வந்துட்டு, உங்க தாத்தா அப்பவே சமாதானம் ஆயிட்டாரேன்னு பேரனுக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கு இது.

இனிமே சொல்லப் போறது தான் இந்த லெட்டர் எழுத வெச்ச விஷயம். அதே 2003ம் வருஷம். மார்ச் மாசம். உங்க இபராகி மாகாணத்துல கமிசுங்கற ஊர்ல கெணத்துத் தண்ணியைக் குடிச்சவங்களுக்கு கை நடுங்குது, நடக்கறப்போ தள்ளாடுது, குழந்தைங்க வளர்ச்சியில கோளாறு தெரியுது, என்னடான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தா தண்ணியில அனுமதிச்ச அளவைப் போல 450 மடங்கு ஆர்செனிக். அதுவும் இயற்கையில வராத ஒரு கெமிக்கல், டைஃபீனைல் ஆர்சினிக் ஆசிட், உங்க பழைய 'சிவப்பு' சரக்கோட சொந்தக்கார மூலப்பொருள். ஆஹா இது பழைய ராணுவம் பொதைச்சதா இருக்கும்னு எல்லாரும் நெனச்சாங்க. உங்க அரசு என்ன பண்ணுச்சு? யார் பொதைச்சதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே, ஜூன் மாசமே, பாதிக்கப்பட்டவங்களுக்கு மெடிக்கல் கையேடு, அதாவது சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில காட்டற பாஸ்புக் மாதிரி ஒண்ணு, குடுத்து சிகிச்சைச் செலவை அரசு ஏத்துக்குச்சு. அதுக்கப்புறம் நாடு முழுக்க எங்கெல்லாம் பழைய ராணுவ கேஸ் குண்டு கெடக்கும்னு பழைய சர்வேயை எடுத்து தூசி தட்டி புதுசா தகவல் சேத்து ரிப்போர்ட்டும் போட்டீங்க.

அப்புறம் 2005ல கமிசுல தோண்டறப்போ விஷம் கலந்த கான்கிரீட் மாதிரி ஒரு கட்டி கெடைச்சுது. அந்தக் கட்டிக்குள்ள ஒரு காலி காபி கேன் இருந்துச்சு. 1993ல தயாரிச்ச கேன். அதாவது அதைக் கொண்டு வந்து கொட்டுனது ராணுவமே இல்ல, போர் முடிஞ்சு ஏறக்குறைய அம்பது வருஷம் கழிச்சு யாரோ திருட்டுத்தனமா கொட்டியிருக்கான். அப்படித் தெரிஞ்ச பிறகும் கமிசு ஜனங்களுக்குக் குடுத்த மருத்துவ உதவியை நீங்க நிறுத்தல. ரொம்ப சரி. நான் இதை கிண்டலா சொல்லல, அரசுன்னா இப்படித்தான் நடந்துக்கணும், பழி யாரு மேலன்னு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆளைப் பாரு.

சிச்சிகார் ட்ரம்முல காபி கேன் இல்லைங்க. அது யாருதுன்னு ஒருத்தருக்கும் சந்தேகம் இல்ல, உங்க அரசே அது பழைய ஜப்பான் ராணுவத்தோடதுன்னு ஒத்துக்கிச்சு. சந்தேகம் இருந்த எடத்துல கையேடு குடுத்தீங்க, சந்தேகமே இல்லாத எடத்துல ஒரு தடவை காசு குடுத்து ஃபைலை மூடுனீங்க. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு மாசம் கூட கெடையாது, நடுவுல ஒரு கடல் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

அதோட இந்தக் கையேடு உங்களுக்குப் புதுசும் இல்ல. ஒகுனோஷிமா ஃபேக்டரியில வேலை பாத்து நுரையீரல் கெட்டுப்போன உங்க ஆளுங்களுக்கு 1954லயே அரசு சிகிச்சை உதவித் திட்டம் கொண்டு வந்தீங்க. முதல்ல ராணுவத்துல சம்பளம் வாங்குனவங்களுக்கு மட்டும், அப்புறம் போராடிப் போராடி 1970கள்ல அங்க கட்டாயமா வேலைக்குப் போன ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் அது கெடைச்சுது. தீவுக்கு எதிர்க்கரையில இருக்கற ததானோஉமி ஊர் ஆஸ்பத்திரியில அந்த இருமலைப் பல வருஷமா பாத்து டாக்டருங்க உலகத்துலயே யாருகிட்டயும் இல்லாத அனுபவம் சேத்து வெச்சிருக்காங்க. நாள்பட்ட மஸ்டர்ட் இருமல்னா என்ன, இருபது வருஷம் கழிச்சு அது எப்படி இருக்கும், எந்தக் கேன்சர் வரும், எதைக் கண்காணிக்கணும், எல்லாம் தெரிஞ்ச ஒரே நாடு கிட்டத்தட்ட நீங்க தான், இராக் போட்ட மஸ்டர்ட்ல அடிபட்ட ஈரானை விட்டா. அந்தத் தீவுல ட்ரம்முல ஊத்துனவருக்கு கையேடு இருக்கு. அதே ட்ரம்மு ஒடைஞ்சு மேல பட்ட பிள்ளைக்கு இல்ல. கேஸும் ஒண்ணு, நுரையீரலும் ஒண்ணு தானே?

உங்க நாட்டு வக்கீலுங்களும் டாக்டருங்களும் சொந்தக் காசு போட்டு, நிதி திரட்டி, ஹார்பின் வரைக்கும் போய் இவங்களுக்கு செக்கப் பண்ணிட்டு வராங்க, வழக்கு நடத்துனதும் ஜப்பான் வக்கீலுங்க தான். இதைப் படிக்கற தமிழ் ஆளுங்களுக்காகவும் சொல்றேன், ஜப்பான்காரன்னா இப்படித்தான்னு பொத்தாம்பொதுவா கமெண்ட் போடறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். வயசான ஜப்பான் டாக்டர் ஒருத்தர் ஸ்டெதாஸ்கோப்போட போய்ச் செய்யற வேலையைத்தான் உங்க ஆபீஸ் செய்யணும்னு கேக்கறேன்.

நீங்க ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல வரல. 1991லயே ஆள் அனுப்பிப் பாத்தீங்க, 1997ல கெமிக்கல் ஆயுதத் தடை ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, 1999ல சீனாவோட ஒப்பந்தக் குறிப்பு போட்டீங்க, 2010ல நான்ஜிங்ல நடமாடும் யூனிட் வெச்சு அழிக்க ஆரம்பிச்சீங்க, 2014 கடைசியில ஹார்பாலிங்லயும். அந்த வேலை எவ்ளோ கஷ்டம்னு எனக்குப் புரியும். துருப்பிடிச்ச குண்டு, உள்ள பிக்ரிக் ஆசிட் வெடிமருந்து, அது இரும்போட சேந்து லேசா இடிச்சாலே வெடிக்கற உப்பாகி இருக்கும், முழு சூட் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா கையால எடுக்கணும். அழிச்ச பிறகும் ஆர்செனிக் போகாது, அது ஒரு தனிமம், எத்தனை டிகிரியில எரிச்சாலும் ஆர்செனிக் ஆர்செனிக்கா தான் இருக்கும், அந்தக் கழிவை வேற பத்திரமா வெக்கணும். ஆனா டெட்லைன் 2007ன்னீங்க, 2012 ஆச்சு, ஹார்பாலிங்குக்கு 2022ன்னீங்க, இப்போ 2027. நடுவுல இந்த வேலைக்கு காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி ஆளுங்க அரசுப் பணத்துல கை வெச்சாங்கன்னு 2008ல உங்க டோக்கியோ ப்ராசிக்யூட்டர்களே கைது பண்ணுனாங்க. குண்டு எடுக்கற காசுலயும் கமிஷன், எங்க ஊருக்கு மட்டும் தான் இந்தப் பெருமைன்னு நெனச்சிருந்தேன்.

உங்க நாட்டுல சிலர், இந்தக் குண்டெல்லாம் சரணடையறப்போ சோவியத் படைக்கும் சீனப் படைக்கும் முறைப்படி ஒப்படைச்சது தான், நாங்க விட்டுட்டு வரல, அதனால செலவு எங்க தலையில இல்லைன்னு சொல்றாங்க. ஆத்துல கெடந்ததையும் பொதைச்சு வெச்சதையும் யாருகிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தாங்களாம்? உங்க அரசே ஹேக்ல இருக்கற சர்வதேச அமைப்புகிட்ட இதைக் கைவிட்ட ஆயுதம்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாச்சு. அந்தப் பேச்சை மறுபடி கெளப்பறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிடுங்க.

2015 ஆகஸ்ட்ல அபே பிரதமரா இருந்தப்போ, போர்ல சம்பந்தமே இல்லாத வருங்காலத் தலைமுறை மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருக்கற நிலைமை வரக்கூடாதுங்கற அர்த்தத்துல பேசுனார். எனக்கு அதுல பெரிய ஆட்சேபணை இல்லைங்க. 20 வயசு ஜப்பான் பையன் எதுக்கு தலை குனியணும்? ஆனா அதே நியாயம் அந்தப் பக்கமும் இருக்கணுமில்ல, போர்ல சம்பந்தமே இல்லாத சீனப் பொண்ணு ஏன் இருமிக்கிட்டே இருக்கணும்? மன்னிப்பை விடுங்க, பிரதமரா இருந்தப்போ முராயாமா 1995ல கேட்ட மன்னிப்பே போதும்னு வெச்சுக்கலாம். நான் மன்னிப்பு கேக்கல, மருந்து கேக்கறேன்.

சீன அரசையும் சும்மா விட முடியாது. பழைய ராணுவ எடம்னு தெரிஞ்ச ஊர்ல சோதிக்காம எப்படி ஜேசிபி எறக்குனாங்க? 1931ல ஜப்பான் படையெடுப்பு ஆரம்பிச்ச நாள்னு வருஷா வருஷம் செப்டம்பர் 18க்கு சைரன் ஊதறாங்க, மியூசியம் மேல மியூசியம் கட்டறாங்க, பாதிக்கப்பட்ட ஒருத்தருக்கு மாசா மாசம் மருந்துச் செலவுன்னா மட்டும் கை சுருங்குது. போர் ஞாபகம் அரசியலுக்கு உதவுது, நோயாளி உதவ மாட்டான். அது அவங்க கணக்கு, அவங்களுக்குத் தனியா எழுதணும்.

இதைக் கேக்க உனக்கு என்ன தகுதின்னா, தகுதியெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க நாடும் கெமிக்கல் ஆயுதம் வெச்சிருந்துச்சு, 1997ல வெளிய ஒத்துக்கிட்டு 2009ல அழிச்சு முடிச்சுச்சு. அது எங்க எடத்துல இருந்த எங்க ஸ்டாக், உங்க வேலையோட ஒப்பிட முடியாது, தெரியும். அதே நாட்டுல 1984ல போபால் நடந்துச்சு, அந்த ஃபேக்டரிக்குள்ள கெடந்த 337 டன் கழிவை வெளிய எடுத்தது 2025 ஜனவரியில. கம்பெனி கைமாறிடுச்சு, கோர்ட்டுல ஒரே தடவை செட்டில் ஆயிடுச்சு, அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு நாங்க பொறுப்பில்லைங்கற பேச்சு எங்களுக்கு நல்லாப் பழக்கம். அதனால தான் உங்க லெட்டர்ஹெட்ல அதே வாசகம் வந்தா டக்குனு கண்ணுல படுது.

கடைசியா ஆவணங்கள். உங்க ஹொக்கைடோவுல குஷாரோ ஏரியில கேஸ் குண்டு கெடந்துச்சு. அது எப்படித் தெரிஞ்சுது? போட்ட பழைய சிப்பாய் ஒருத்தரே வயசான காலத்துல வாயைத் தொறந்து சொன்னார், 1996ல எறங்கித் தேடுனீங்க, 26 குண்டு கெடைச்சுது, 2000ல அழிச்சீங்க. ஒரு மனுஷன் பேசுனதுக்கு 26 குண்டு. சீனாவுல பொதைச்ச அந்தத் தலைமுறை சிப்பாய்ங்க இன்னிக்கு கிட்டத்தட்ட யாரும் இல்ல, இனி பேசறதுக்கு காகிதம் மட்டும் தான் இருக்கு. பாதுகாப்பு அமைச்சக ஆவணக் காப்பகத்துல எரியாம மிஞ்சுன யூனிட் நாட்குறிப்பு, வெடிமருந்துக் கணக்கு, சரக்கு அனுப்புன ரசீது, எந்த யூனிட் எந்த ஊர்ல எத்தனை மஞ்சள், எத்தனை சிவப்பு வெச்சிருந்துச்சுங்கற லிஸ்ட், இதுல ஆய்வாளர் கேட்டா கறுப்பு மை பூசிக் குடுக்கற பக்கம் எதுவும் இருக்கக்கூடாது. வேணும்னா சீனாவுல கட்டட பர்மிட் குடுக்கற நகராட்சி இன்ஜினியர் நேரா தேடிப் பாக்கற மாதிரி ஒரு மேப்பாவே போட்டுக் குடுங்க. உங்க நாட்டுக்குள்ள அப்படி ஒரு சர்வே போட்டவங்க தானே.

ஆக கேக்கறது இதான். 2027 பிளான்ல குண்டு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கற மாதிரி, அந்த கேஸ் பட்டு உயிரோட இருக்கறவங்களுக்கும் ஒரு கட்டம் போடுங்க. கமிசுக்குக் குடுத்த கையேடு மாதிரியே ஒண்ணு, வாழ்நாள் சிகிச்சை, வருஷத்துக்கு ஒரு தடவை ததானோஉமி அனுபவம் உள்ள டாக்டர் பாக்கற செக்கப். நஷ்டஈடுன்னு எழுத வேண்டாம், உங்களுக்கு சங்கடமா இருந்தா சுகாதார ஒத்துழைப்புன்னு எழுதிக்கோங்க, மூச்சு திணர்றவனுக்கு தலைப்பு முக்கியமில்ல. இன்னும் அழிச்சு முடிக்கல, இன்னும் தோண்டிக்கிட்டு இருக்காங்க, அதனால பேர்ப் பட்டியல் இத்தோட முடியும்னு யாரும் சொல்ல முடியாது, அடுத்த ட்ரம் ஒடையறப்போ கோர்ட் வரைக்கும் வராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி திட்டம் இருக்கட்டும். லியான்ஹுவாபாவ் பசங்க ரெண்டு பேருக்கும் இப்போ முப்பது வயசை ஒட்டி இருக்கும். பட்டியலை அவங்க பேர்ல இருந்தும் சிச்சிகார் ஸ்கூல் பிள்ளைங்க பேர்ல இருந்தும் ஆரம்பிக்கலாம், பேரெல்லாம் உங்க கோர்ட் ரெக்கார்டுலயே இருக்கு, தேட வேண்டிய வேலை கூட இல்ல.

பதில் ஜப்பானிய மொழியில அனுப்புனாலும் பரவாயில்ல, படிச்சுச் சொல்ல ஆள் பிடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுல இருந்து ஒரு சேஃப்டி ஆபீசர்